சட்டையில் குத்திய மயில்

சுங்க அதிகாரியின் அறைக்குள் போய், சட்டைப் பையில் ஒரு பஞ்சு மயிலைக் குத்திக்கொண்டு, "இது பொம்மை இல்லை, நகை" என்று அரை மணி நேரம் வாதாடிய முட்டாள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் ஆபீஸில் இந்தக் கதை ஆள் பெயர் இல்லாமல் உலவிக்கொண்டிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு போன மாதம் ஆபீஸுக்கு உங்களையெல்லாம் பார்க்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, என்னிடமே இந்தக் கதையைச் சொல்லி, "இப்படியும் ஆளுங்க இருந்திருக்காங்க சார்" என்று தலையில் அடித்துக்கொண்டது. நானும் கூடச் சேர்ந்து அடித்துக்கொண்டேன். ஆனால் காஞ்சிபுரம் பஸ் ஏறியதும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருட வேலையில் நான் சம்பாதித்த ஒரே புகழ் அது. அதையும் பெயர் தெரியாத எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தொழிலை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "வெளிநாட்டுல இருந்து வர்ற சாமானுக்குப் பேர் வைக்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள். பொம்மையைப் பொம்மை என்று சொல்ல ஓர் ஆளா, அதற்குச் சம்பளமா என்பார்கள். கரடி முகம் வைத்த ஹேர் கிளிப் கிளிப்பா, கரடியா? தலையில் மாட்டினால் மினுக்கும் கொம்பு அலங்காரமா, விளையாட்டுச் சாமானா? ஒரு பக்கம் போனால் ஒரு வரி, மறு பக்கம் போனால் வேறு வரி. அதிலும் பொம்மை என்று முடிவாகிவிட்டால் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத பொம்மை இந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டும், இல்லையென்றால் அழிக்கப்பட வேண்டும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விதிகளை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். பாவம், என் வீட்டுக்காரிக்குத்தான் இன்னும் பழகவில்லை. கருட சேவைக் கூட்டத்தில் பேரப்பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கப் போனால், அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக் கடைக்காரரிடம், "இதை நீங்க என்னன்னு சொல்லி விக்கிறீங்க?" என்று கேட்பேன். இப்போதெல்லாம் என்னைச் சாமி வரும் பக்கமாகத் திருப்பி நிற்க வைத்துவிட்டு அவள் மட்டும் கடைக்குப் போகிறாள்.

நான் சொல்ல வருவது விதி அல்ல. மாட்டிக்கொண்ட நேரத்தில் என்ன செய்வது என்பது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் கோமதி என்று ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் எட்டு வருஷமாக விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கல்யாணப் பெண்களுக்குப் புடவையைத் தோளில் போட்டு, மடிப்பெடுத்து, கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டுவதுதான் அவள் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு, கல்யாணப் பெண்ணுக்கான சில்லறை அலங்காரம் மட்டும் விற்கும் கடை ஒன்று போடப்போவதாகச் சொன்னாள். ஜடைக்கு, இடுப்புக்கு, தோளுக்கு. கடைக்கு இடம் பிடித்தாகிவிட்டது. அகலம் குறைவு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்க வேண்டும். திறப்பு விழாப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. கடையின் முக்கியச் சரக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

அந்தச் சரக்கின் மாதிரியைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கட்டைவிரல் நீளத்தில் உலோக மயில். பச்சையும் நீலமுமாகக் கல் பதித்தது. பின்னால் ஊக்கு. புடவை மடிப்பைத் தோளில் சேர்த்துப் பிடிக்கும் சாரி பின். அடியில் மெல்ல அழுத்தினால் தோகை விசிறிபோல விரியும். பட்டுக் கடையிலேயே பத்துப் பதினைந்து பெண்கள் அதைப் பார்த்து, வந்ததும் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்களாம். எனக்கும் பிடித்துப்போயிற்று. கேட்டபோதெல்லாம் தோகையை விரித்துக் காட்டினாள். நான் நிறையத் தடவை கேட்டேன்.

வேலையை விட்டபோது பழைய கடை மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"போய்ட்டு வாம்மா, எப்ப வந்தாலும் உன் இடம் காலியாத்தான் இருக்கும்னார் சார்."

"நல்ல மனுஷன்."

"நீங்க அவர் சிரிச்சத பாக்கல."

இது அவளுடைய முதல் இறக்குமதி. சரக்கு வந்தால் கடை. வராவிட்டால் அந்தக் காலி இடம். இதை அவள் நீட்டி முழக்கிச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். எந்தச் சரக்கைப் பற்றி என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வார்த்தை: "பிரிச்சியா?" பெட்டியைப் பிரித்துப் பார்க்காத ஆளோடு அவர் பேச மாட்டார். படம், விலைப்பட்டியல், மாதிரி எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் "பிரிச்சியா?" என்பார். அவரைப்போல நடித்துக் காட்டித்தான் நான் ஆபீஸில் பெயர் வாங்கினேன். நடிப்பு நன்றாக வந்தது. பாடம் வரவில்லை.

சந்தேகம் இருந்தால், "முதலில் திறந்து பாருங்கள், பிறகு வரி போடுங்கள்" என்று நாமே கேட்டுக்கொள்ள வழி உண்டு. அப்படிக் கேட்டால் கூடுதலாக ஓரிரு நாள் ஆகும். திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாதிரியைத்தான் கையில் வைத்து ஆசை தீர விளையாடியாகிவிட்டதே, இதில் என்ன சந்தேகம் என்று நினைத்தேன். இறக்குமதித் தாளில் கவரிங் நகை என்று பதிந்துவிட்டேன்.

சரக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி ஓர் அம்மையார். அதிகம் பேச மாட்டார். நாம் பத்து வாக்கியம் சொன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வார். முதல் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தார்கள். உள்ளே கைப்பிடி அளவில் குண்டு குண்டாகப் பஞ்சு மயில்கள், பெரிய கண்களோடு என்னையே பார்த்தன.

அவர் ஒன்றை எடுத்து வயிற்றை அழுத்தினார். "கீய்ங்" என்று கத்திக்கொண்டு தோகையை விரித்தது. சுமை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"பொம்மை" என்றார்.

"பின்னால ஊக்கு இருக்கு மேடம்" என்றேன். இருந்ததும் உண்மைதான். பஞ்சுக்குள் ஓர் ஊக்கைத் தைத்திருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வந்து சொல்லுங்க" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

கோமதிக்கு போன் செய்தேன். அவள் வெளிநாட்டு வியாபாரிக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: புது மாடல், இன்னும் அழகு, கூடவே கைதட்டும் படம். அதோடு அந்த ஆள் போனை அணைத்துவிட்டான். மொத்தச் சரக்கையும் மாற்றிவிட்டான் என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டிவிட்டோம். கவனியுங்கள், ஒரே ஒரு பெட்டியைத்தான் பார்த்திருந்தோம். மாதிரியைப் பார்த்துச் சரக்கை முடிவு செய்த அதே ஆள், இப்போது ஒரு பெட்டியைப் பார்த்து மீதிப் பெட்டிகளை முடிவு செய்கிறான். மாட்டிக்கொண்டவனுக்குப் புத்தி வரும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு அது வரும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். ஒரு பொருள் என்ன என்பதில் தகராறு வந்தால், அதை வாங்கி விற்கிற ஜனங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் மதிப்பு உண்டு அல்லவா? சரி, ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று போனில் மயில் படத்தை வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் வீதிகளில் கிளம்பிவிட்டேன். பட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டி, "இது நகைதானே?" என்றேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். காமாட்சி கோயில் பக்கம் பூ விற்கிற அம்மாவிடம், "இது நகைதானேம்மா?" என்றேன். "எவ்ளோ முழம் வேணும்?" என்றார், நான் விடாமல் கேட்டதும், "நகைதான், நகைதான், தள்ளி நில்லுப்பா, வெளிச்சம் மறைக்குது" என்றார். ஓர் ஆட்டோக்காரர் மட்டும், "கண்ணாடிகிட்ட தொங்க வுட்டா சூப்பரா இருக்கும் சார், எங்க கெடைக்குது?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது என்று அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரே நகை என்று சொல்லிவிட்டது என்ற திருப்தியோடு படுத்துத் தூங்கினேன்.

காலையில் நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது கோமதி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். நீ எதற்கு என்றேன். என் சரக்கு, நானும் வருகிறேன் என்றாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ராஜகுளம் தாண்டியதும் கேட்டாள்.

"நெசமாவே அது நகைன்னு நெனைக்கிறீங்களா சார்?"

"நான் நெனைக்கிறது முக்கியமில்லம்மா. அவங்களை நெனைக்க வைக்கிறதுதான் என் வேலை."

அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் நன்றாக அமைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதிகாரியின் மேசைமேல் அந்தப் பஞ்சு மயில் உட்கார்ந்திருந்தது. சும்மா வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவேசம். அனுமதி வாங்கி மயிலை எடுத்து என் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். பைக்குள் என் மூக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதை யோசிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தாலே பெட்டி மயிலின் வயிற்றை அமுக்கும் என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

"மேடம், அடிப்படையில இது ஒரு..." என்று குனிந்தேன். கீய்ங்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா மட்டும் ஒரு கணம் நின்றது.

ஊக்கைப் பற்றிப் பேசினேன். ஊக்கு வைத்த எதையும் உடம்பில் அணியத்தான் முடியும் என்றேன். காஞ்சிபுரம் பட்டில் காலங்காலமாக மயில் சக்கரம் நெய்கிறார்கள், அந்தப் புடவையை யாராவது பொம்மை என்பார்களா என்றேன். அந்த வாதம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை நான் உணர்ச்சிவசப்பட்டுக் குனியும்போதும் மயில் கத்தித் தோகை விரித்தது. கடைசியில் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். ஊர் ஜனங்களையே கேட்டுவிட்டேன், எல்லாரும் நகை என்கிறார்கள் என்றேன்.

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

"என்னன்னு கேட்டீங்க?"

"இது நகைதானேன்னு கேட்டேன் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்ததால் மயில்கூட எனக்காகப் பேசவில்லை.

அவர் கோமதி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கல்யாணப் பொண்ணு ஒண்ணு உங்க கடைக்கு வந்தா, இதைக் குத்தி விடுவீங்களா?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். கண் வலிக்கும் அளவுக்குச் சொன்னேன்.

"குத்த மாட்டேன் மேடம்" என்றாள். "இந்த கனத்துக்கு மடிப்பு தொங்கிடும். பட்டு இழுத்துக்கும். கொழந்தைங்க வெச்சிக்கினு வெளையாட நல்லா இருக்குது. நான் கேட்டது இது இல்ல. நான் பொம்மைக் கடை வெக்கல."

என் கட்சிக்காரியே என் கட்சியை முடித்துவிட்டாள். அதிகாரி என்னைப் பார்த்தார். இப்போது நீ என்ன சொல்கிறாய் என்கிற பார்வை.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன். பையில் இன்னும் மூன்று வாதம் மிச்சம் வைத்திருந்தேன். வேறு ஏதோ ஒரு வழக்கின் நகல்கூட இருந்தது. பதற்றத்தில் சொல்கிறாள் மேடம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லலாம். சொல்லி இருந்தால் இன்னும் அரை மணி நேரம் ஓடும். அந்த மாதிரி நேரத்தில் வாய்க்குத் தனியாக ஓர் உயிர் வந்துவிடும். அது நம்மைக் கேட்காது. தோற்கிறோம் என்று தெரிந்ததும் இன்னும் வேகமாக ஓடும். சொல்வது சரியா என்று பார்ப்பதற்குப் பதிலாக, சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தேடும்.

வாயைத் திறந்தபடியே கோமதியைப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் தன் தோள் மடிப்பில் அந்த மாதிரிப் பின்னைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் கவனிக்கவில்லை? அது அவளோடு சேர்ந்து இருந்தது. அதைப் பார்த்தால் கண் தானாக அந்த மடிப்பின் வழியே புடவைக்கு இறங்கியது. என் பையில் இருந்ததைப் பார்த்தால்? இந்த அரை மணி நேரத்தில் கதவருகே நின்ற பியூன்கூட என் சட்டையைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கை நீண்டது, அந்த வயிற்றை அமுக்கிப் பார்க்க. அவள் ஒரு நகையை அணிந்திருந்தாள். நான் ஒரு பொம்மையைச் சுமந்துகொண்டிருந்தேன். டாரிஃப் என்கிற வரிப் புத்தகத்தில் தேடியும் கிடைக்காத வித்தியாசம் இரண்டு நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

வாயை மூடினேன். மயிலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"இது பொம்மைதான் மேடம். பெட்டியப் பிரிக்காம நான்தான் நகைன்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது, இந்தப் பொண்ணோடது இல்ல."

நான் தொடர்ந்தேன். அதுவரை பேசியதில் யோசித்துப் பேசியது அது ஒன்றுதான். ஒரு மாதிரியைப் பார்த்து நான் எல்லாவற்றையும் நகை என்றேன். ஒரு பெட்டியைப் பார்த்து நாம் எல்லாரும் எல்லாவற்றையும் பொம்மை என்கிறோம். ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம், உள்ளே எது இருக்கிறதோ அதைப் பதிந்துகொள்ளுங்கள் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எல்லாமே பஞ்சு மயிலாக இருந்தால் பெட்டிக்குப் பெட்டி எங்கள் தலையில் நாங்களே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அர்த்தம். கோமதிக்கும் அது புரிந்தது. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"பிரிங்க" என்றார் அதிகாரி.

கிடங்குக்குப் போனோம். இரண்டாவது பெட்டியை இறக்கி வைக்கும்போதே உள்ளேயிருந்து கோரஸாகக் கத்தின. மூன்றாவதும் அப்படியே. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது பெட்டியைத் தூக்கினார்கள். சத்தம் இல்லை. கீழே வைத்தார்கள். சத்தம் இல்லை.

"பேட்டரி தீந்துடுச்சா சார்?" என்று என் காதருகில் கேட்டாள்.

பிரித்தார்கள். வெல்வெட் அட்டையில் வரிசை வரிசையாகக் கல் பதித்த மயில்கள். அதற்கு அடுத்ததும் அதுவே, அதற்கு அடுத்ததும். வியாபாரியிடம் கையிருப்பு போதவில்லை போலிருக்கிறது. குறைந்ததை ஈடுகட்ட அவன் தன் புது மாடலை அள்ளிப் போட்டு, அந்தப் பெட்டிகளையே மேலே அடுக்கி அனுப்பியிருக்கிறான். அழகாக இருக்கிறதே, சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்திருப்பான். கைதட்டும் படம் அதற்குத்தான்.

அதிகாரி ஒவ்வொரு பெட்டியிலும் கைவிட்டு, அடிவரை எடுத்துப் பார்த்தார். கடைசியில் சாரி பின்களைக் கவரிங் நகை என்று விடுவித்தார். பஞ்சு மயில்கள் வந்த வழியே திரும்பிப் போக உத்தரவு. தவறாகப் பதிந்ததற்குச் சிறிய அபராதமும் உண்டு. அதை நம் ஆபீஸே கட்டியது. முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "கீய்ங்" என்றார். அவ்வளவுதான். ஓய்வு பெறும் நாள்வரை என்னைக் கூப்பிட வேண்டுமானால் அப்படித்தான் கூப்பிட்டார்.

நான் அந்த அறையில் வாயை மூடாமல் இன்னும் அரை மணி நேரம் ஓட்டி இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மொத்தச் சரக்கும் ஒரே பெயரில் சண்டைக்குப் போயிருக்கும். பொம்மையோடு சேர்ந்து நல்ல நகையும் கிடங்கில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கும். நான் ஜெயித்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு. அதற்குள் கோமதி பழைய கடையில் அந்தக் காலி இடத்தில் நின்று யாருக்கோ மடிப்பெடுத்துக்கொண்டிருப்பாள்.

கடை சொன்ன நாளில் திறந்தது. சரக்கு நினைத்ததைவிடக் குறைவு என்பதால் அலமாரியில் இடைவெளி தெரிந்தது. அங்கெல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் மல்லிகைப் பூவை வைத்துச் சமாளித்தாள். பழைய கடை மேனேஜரும் வந்திருந்தார். இந்தத் தடவை அவர் சிரித்ததை நானும் பார்த்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எழுந்தால் இடிக்கிறது என்று கோமதி எனக்கென்று ஒரு மூலையில் முக்காலி போட்டுவிட்டாள். போன தை மாதம் ஒரு நாள் கடைக்குள் ஓர் அம்மையார் வந்தார். கையில் பக்கத்துப் பட்டுக் கடையின் பை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாராம். இப்போது வேறு ஊரில் வேலை. கோமதி எழுந்து நின்று, சாரி பின் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். அவர் ஒரு மயிலை எடுத்துத் தோளில் வைத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? எத்தனையோ வருஷம் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பேசியதுபோல உயிரைக் கொடுத்து எங்கேயும் பேசியதில்லை. ஊக்கு, மயில் சக்கரம், ஊர் ஜனங்கள் என்று அத்தனையும் வைத்தேனே, அதில் ஒன்றாவது அவர் மனசில் நின்றிருக்காதா என்று ஒரு நப்பாசை.

"மேடம், அன்னைக்கு அரை மணி நேரம் பேசினேனே, அதுல உங்களுக்கு எது புடிச்சுது?"

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பவே இல்லை.

"நிறுத்தினது."